கனவற்றது, முதல் தரம்

அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அலுவலகத்தில் தூங்கியவர்கள் ஏராளம். தூங்குவதற்காகவே அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் தென்கரை நாட்டில் நான் ஒருவன்தான். வேலை நேரத்தில் விழித்திருந்ததாக ஒருமுறை என்மேல் விசாரணைகூட நடந்திருக்கிறது. நான் காபி குடித்ததைப் பார்த்த சாட்சி யாரும் வராததால் தப்பித்தேன்.

தென்கரை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடாதீர்கள். நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வானத்தில் கிளம்பிய ஒரு கப்பல், பல தலைமுறை அலைந்துவிட்டு, நடுவே பெரிய ஆறு ஓடும் ஓர் உலகத்தில் போய் இறங்கியது. கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்கள் ஆற்றின் வடகரையிலும், கீழ்த்தளத்தில் வந்தவர்கள் தென்கரையிலும் குடியேறினார்கள். இறங்கும்போது மேல்தளத்துக்காரர்கள் படியை மறித்துக்கொண்டு நின்றார்கள் என்பது தென்கரையின் வரலாறு. கீழ்த்தளத்துக்காரர்கள் சாமான்களில் கை வைத்தார்கள் என்பது வடகரையின் வரலாறு. இந்த இரண்டு வரலாறுகளையும் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த பிள்ளைகள், காலக்கிரமத்தில் வடகரைக்கு ஒரு மாதளபதியையும் தென்கரைக்கு ஒரு மேலவரையும் உண்டாக்கிக்கொண்டார்கள்.

மாதளபதியின் கொள்கை, பலசாலி ஆளப் பிறந்தவன் என்பது. மேலவரின் கொள்கை, எல்லோரும் சமம் என்பது. யார் எவ்வளவு சமம் என்பதை அவர் சொல்வார். இருவரும் வானொலியில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதைக் கேட்டுத்தான் இரண்டு கரையிலும் குழந்தைகள் பேசவே கற்றன.

இந்த நேரத்தில்தான் தென்கரை மருத்துவர் ஒருவர் ஒரு மனிதனின் தூக்கத்தை உறிஞ்சி இன்னொரு மனிதனுக்கு ஊற்ற முடியும் என்று கண்டுபிடித்தார். தலையில் ஒரு தொப்பி, தொப்பியிலிருந்து ஒரு குழாய், குழாயின் அடியில் ஒரு பால் கேன். தூக்கத்தைக் கொடுத்தவர் அன்று முழுக்க விழித்திருப்பார். அதே தொப்பியை மாட்டிக் கேனில் உள்ளதை வாங்கிக்கொண்டவர் கால் மணி நேரம் கண்ணை மூடினால் போதும், ஒரு முழு இரவு தூங்கிய தெம்பு வந்துவிடும். கைக்குழந்தைக்காரத் தாய்மாருக்கு உபயோகமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அந்த நல்ல மனிதர் அதைச் செய்தார். மேலவர் அவருக்குப் பதக்கம் கொடுத்து, அதை யாரிடமும் காட்ட முடியாத ஓர் இடத்தில் அவரைக் குடிவைத்தார்.

ஒரு நாள் காலை வானொலியில் வழக்கம்போல "வடகரை வெறிநாய்களே" என்று ஒரு பாட்டு போய்க்கொண்டிருந்தது. பாதிப் பாட்டில் நின்றது. கொஞ்ச நேரம் வீணை வாசித்தார்கள். பிறகு அறிவிப்பாளர் அதே குரலில், வடகரைச் சகோதரர்களோடு நமக்கு நட்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது என்றார். அன்று காலை பள்ளிக்கூடங்களில் பழைய பாட்டைப் பாடிய வாத்தியார்களை மத்தியானம் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் செய்தியைக் கேட்டு என் மனைவி செண்பகவடிவு கேசரி கிளறினாள். காரணம் அவளுடைய அண்ணன் சுடலைமுத்து.

சுடலைமுத்து மச்சான் ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுநர். ஆற்றுப் பாலத்தடியில் எடுத்து, சந்தைமேடு, நூற்பாலை, சிறைச்சாலை, ராஜவீதி வழியாகத் தலைநகரப் பணிமனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நிறுத்தத்தில் ஆள் நின்றால் நிறுத்துவார். ஆள் தூரத்தில் ஓடி வந்தாலும் நிறுத்தி வைத்திருப்பார். சந்தைமேட்டில் மாடத்தி என்று ஒரு கூடைக்காரி. பஸ் வந்து நின்ற பிறகுதான் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கூடையைக் கட்டவே ஆரம்பிப்பாள். அவளுக்காகவும் நிற்பார். ஒப்பந்தத்துக்குச் சில மாதம் முன்னால் அப்படி நின்றுகொண்டிருந்தபோது யாரிடமோ, அந்தக் கரையிலும் மனிதன்தானே இருக்கிறான், கூப்பிட்டுப் பேசிப் பார்த்தால் என்ன என்று சொல்லிவிட்டார். பணிமனை போய்ச் சேருமுன் கைதாகிவிட்டார்.

இப்போது மேலவரே பேசிவிட்டார் அல்லவா. கேசரியை எடுத்துக்கொண்டு செண்பகவடிவும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். இன்ஸ்பெக்டர் கேசரியை வாங்கிக்கொண்டார். முந்திரியைத் தனியாக எடுத்துத் தின்றுகொண்டே விஷயத்தை விளக்கினார்.

"தங்கச்சி, உங்க அண்ணன் முன்னால சொன்னது தப்புன்னு உள்ள போட்டோம். இப்ப அது சரின்னு ஆயிட்டு. அப்பன்னா என்ன அர்த்தம்? மேலவர் நினைக்கதுக்கு முன்னாலயே இவரு நினைச்சிருக்காரு. இது பழைய குத்தத்தைவிடப் பெரிசுல்லா."

செண்பகவடிவு பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டாள். கேசரி தீரட்டும், அனுப்பி வைக்கிறோம் என்றார்கள்.

அடுத்த வாரமே எனக்கு வேலை உத்தரவு வந்தது. அதுவரை உணவுக் கிடங்கில் அரிசியின் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒப்பந்தப்படி தென்கரை வடகரைக்கு அரிசியும் தூக்கமும் அனுப்ப வேண்டும். வடகரை தென்கரைக்கு இரும்பும் இயந்திரங்களும் அனுப்ப வேண்டும். அரிசி பார்த்தவன் தூக்கமும் பார்ப்பான் என்று மேலே யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

பாலத்தின் நடுவில் ஓர் அறை. அதில் இரண்டு கட்டில். ஒன்று எனக்கு, மற்றது வடகரையின் தரப் பரிசோதகர் நாச்சிமுத்துவுக்கு. தொப்பியை மாட்டி ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டு இருவரும் சற்று நேரம் தூங்குவோம். எழுந்ததும் முத்திரை. கனவு இல்லாவிட்டால் பச்சை, கனவு இருந்தால் சிவப்பு. இருவர் கையும் பட்டால்தான் முத்திரை செல்லும். இரண்டு அரசாங்கங்களும் ஒன்றையொன்று எவ்வளவு நம்பின என்பதற்கு அது அடையாளம்.

நாச்சிமுத்து பருத்த உடம்புக்காரர். அவசரமே தெரியாதவர். அவர் கொண்டுவரும் ஒப்பிட்டுப் போளியும் நான் கொண்டுபோகும் சுண்டவத்தல் குழம்பும் மத்தியானத்தில் கரை மாறிக்கொள்ளும். அப்படி ஒரு சாப்பாட்டு வேளையில்தான், இத்தனை காலம் கடித்துக் குதறிக்கொண்டவர்கள் எப்படி ஒருவரையொருவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டேன்.

"நம்பறவங்களுக்கு எதுக்குங்க ஒப்பந்தம்?" என்றார் நாச்சிமுத்து.

பிறகு குழம்பை வழித்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். மாதளபதி மேற்கே கடலோர நாடுகளோடு சண்டை பிடித்திருக்கிறார். அங்கே அடிக்கும்போது முதுகில் தென்கரை குத்தக்கூடாது. கப்பலில் வரும் அரிசியைக் கடலோரக்காரர்கள் மறித்துவிட்டார்கள்; அரிசி வேண்டும். தொழிற்சாலையும் படையும் இரவு பகலாக ஓட வேண்டும். அதற்குத் தூக்கம் வேண்டும். இதெல்லாம் அவர்கள் பக்கம். எங்கள் பக்கத்தை என்னைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார். மேலவர் தன் தளபதிகளையெல்லாம் சந்தேகப்பட்டுச் சுட்டுவிட்டார். மிச்சமிருந்த ஒரே தளபதி மாட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆகவே புதுப் படை சேர்க்க அவகாசமும் பீரங்கி செய்ய இரும்பும் வேண்டும். வடகரையும் கடலோரமும் அடித்துக்கொண்டு இளைக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேலவருக்கு எண்ணம். கடலோரத்தை முடித்துவிட்டுத் தென்கரைக்கு வரலாம் என்று மாதளபதிக்கு எண்ணம்.

"ரெண்டு பேரும் மத்தவனை ஏமாத்திட்டோமுன்னு சந்தோசமா இருக்கறாங்க. அந்தச் சந்தோசம் இருக்கற வரைக்கும் நமக்கு இந்தக் கட்டல் இருக்குமுங்க" என்று முடித்தார்.

நட்புக்கு அடையாளமாக ஆற்றின் நடுவில் இருந்த மணல்திட்டு என்ற குட்டி நாட்டை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மணல்திட்டுக்காரர்களிடம் கேட்டார்களா என்றால், அவர்கள் வானொலியில் கேட்டார்கள். பென்சிலால் போட்ட கோடு ஒரு கல்யாண மண்டபத்தின் நடுவே போனது. சமையற்கட்டு வடகரைக்கும் பந்தி தென்கரைக்கும் போய்விட்டதால், பாயசம் பரிமாறுவதற்குக் கடவுச்சீட்டு வேண்டியிருந்தது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருந்தது. தூக்கத்தை அனுப்புமுன் அதிலிருக்கும் கனவை வடிகட்ட வேண்டும். வடிகட்டியை வடகரை செய்து தர வேண்டும். அடுத்த வண்டியில் வருகிறது, அடுத்த வண்டியில் வருகிறது என்றார்களே தவிர, வரவில்லை. மேலவரின் அதிகாரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கசடு கலந்த சரக்கை அப்படியே அவன் தலையில் கட்டுகிறோம், அவனும் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறான் என்று. கொஞ்ச நாள் கழித்து வடகரையிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. பஸ், லாரி ஓட்டுநர்களின் தூக்கம் திடமாக இருக்கிறதாம். அதை அதிகமாக அனுப்பினால் இரும்பும் அதிகமாக வருமாம்.

எங்கள் ஆட்கள் காரணம் கேட்கவில்லை. ஓட்டுநர்களைப் பிடிக்க ஆரம்பித்தார்கள். சிக்னலில் தும்மியவர், தும்மாதவர் எல்லோரும் உள்ளே போனார்கள். சிறைச்சாலையில் ஏற்கெனவே இருந்த சுடலைமுத்து மச்சானை, கைதிகளுக்குத் தொப்பி மாட்டும் தூக்கப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஓட்டுநர்கள் உள்ளே போனதும் பஸ்கள் நின்றன. ஆனால் பஸ் வராது என்று சொல்வது அவநம்பிக்கைக் குற்றம். நினைப்பதும் அதே குற்றம்தான். ஆகவே தினமும் காலையில் ஜனங்கள் குளித்து, தலை சீவி, நிறுத்தங்களில் போய் வரிசையாக நின்றார்கள். கொஞ்ச நேரம் ரோட்டை எட்டிப் பார்ப்பார்கள். பிறகு நடந்து வேலைக்குப் போவார்கள். மாடத்தி அந்த வரிசைக்கும் தாமதமாகத்தான் வருவாள் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு முந்திய கேன் ஒன்றைத் தொப்பியில் ஊற்றிக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடியதும் கையில் ஒரு பெரிய ஸ்டியரிங். காலடியில் பிரேக். சந்தைமேட்டில் கூட்டத்துக்கு அப்பால் ஒரு கூடை மட்டும் மேலும் கீழும் குதித்துக்கொண்டு வருகிறது. கண்டக்டர் விசில் அடிக்கிறார். நான் எடுக்கவில்லை. கூடை வந்து சேருகிறது. மனதுக்குள் அப்படி ஒரு நிம்மதி.

எழுந்தபோது பக்கத்துக் கட்டிலில் நாச்சிமுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கண்ணோரம் ஈரம். வடகரையில் எந்த வண்டியும் யாருக்காகவும் நிற்பதில்லை என்றார். நொடி தவறினால் ஓட்டுநருக்குச் சவுக்கடியாம். தன் அம்மா ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போக ஓடிக்கொண்டே கை காட்டினாளாம். வண்டி நிற்கவில்லையாம்.

அது என் மச்சானுடைய தூக்கம் என்று நான் சொன்னேன். இருவருமாகச் சிவப்பு முத்திரை வைத்தோம்.

அன்றிலிருந்து அந்தக் கேன் தினமும் வந்தது. காலையில் வந்ததும் நாச்சிமுத்து, இன்றைக்குக் கூடைக்காரம்மா வந்ததா என்றுதான் கேட்பார். ஒரு நாள் மாடத்தி நடுவழியில் கூடையைக் கீழே போட்டுவிட்டாள். பொறுக்கி முடிப்பதற்குள் கேன் தீர்ந்துவிட்டது. அவர் சாப்பிடவே இல்லை.

சிறைச்சாலையில் பார்வையாளர் நாள் வந்தது. செண்பகவடிவும் நானும் நடந்தே போனோம். மச்சான் கம்பிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் கிணற்றுக்குள் போயிருந்தது. தங்கச்சியைப் பார்த்து யார் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்தது நூற்பாலை, இறங்குபவர்கள் முன்னால் வாருங்கள் என்றார். தட்டில் சோறு வைத்தால் தட்டைப் பிடித்துத் திருப்பினார். அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, ஆடு மாடு என்றால் இந்நேரம் விழுந்திருக்கும், இவர் மழைக்காலம் வரை தாங்கமாட்டார் என்றார். மழைக்கு அதிக நாள் இல்லை.

திரும்பும் வழியில் செண்பகவடிவு சிறைச்சாலை நிறுத்தத்தில் நின்றாள். முன்பெல்லாம் பார்வையாளர் நாளில் மச்சான் இங்கேதான் வண்டியை அதிக நேரம் போட்டு வைப்பார். உள்ளே போன கிழவிகள் கடைசி ஆள்வரை வெளியே வந்து ஏறினால்தான் எடுப்பார்.

"நீங்க தினமும் எங்க அண்ணன் தூக்கத்தைத்தான் கரண்டி போட்டுக் குடிக்கிய. அதைத் திருப்பிக் கொண்டாந்து குடுங்க" என்றாள். சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, இந்தக் கேனை நிராகரித்துவிடலாமா என்று நாச்சிமுத்துவைக் கேட்டேன். நிராகரித்த தூக்கத்தை எடுத்தவருக்கே திருப்பி ஊற்ற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஓட்டுநர் கேன் எதையும் நிராகரிக்கக்கூடாது என்று தனக்கு மேலிடத்து உத்தரவு இருக்கிறது என்றார் அவர். சற்று யோசித்துவிட்டு, என்னிடம் சொல்லக்கூடாததைச் சொன்னார். சிவப்பு முத்திரை கேன்களெல்லாம் நேராக வரைபட அறைக்குப் போகின்றன. அங்கே அதிகாரிகள் அதை ஊற்றிக்கொண்டு படுத்து, எழுந்து, எங்கள் ரோடுகளை வரைகிறார்கள். எந்தப் பாலம் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே வளைவு, எங்கே பள்ளம். வடிகட்டி ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"பச்சை முத்திரை என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"அது உறைமோருங்க" என்றார் அவர். கனவில்லாத சுத்தத் தூக்கம் உறைமோர் மாதிரி. ஒரு சொட்டு விட்டால் இன்னொருவனின் தூக்கமும் திடமாக உறைந்துகொள்ளும். ஒரு கேன் ஒரு படைப்பிரிவுக்கே போதும். அதற்குத் தினமும் ஆளைப் பிழிய வேண்டியதில்லை. எப்போதாவது ஒரு கரண்டி எடுத்தால் சரி. "மீதியெல்லாம் அவரு தூங்கிக்கலாமுங்க. தூக்கம் கெணத்துத் தண்ணி, எடுத்தா ஊறும்."

கனவோடு உள்ளதை உறை ஊற்றினால் என்ன ஆகும் என்று கேட்டேன். பானை முழுக்க அந்தக் கனவு உறைந்துவிடும், அதனால்தான் முத்திரை போடுவதற்கு நம்மை வைத்திருக்கிறார்கள் என்றார்.

மச்சானின் கேன் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்தது. நாச்சிமுத்து பச்சை முத்திரையை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு ஒண்ணும் கனவு வரலீங்க. உங்களுக்கு?"

"எனக்கும் வரல்லவே" என்றேன்.

கனவற்றது, முதல் தரம் என்று முத்திரை விழுந்தது. அந்தப் பொய்யில் இரண்டு நாடுகளும் ஒப்பந்தப்படிச் சரிசமமாகக் கை வைத்திருந்தன. கேன் டாங்கிப் படைக்குப் போனது.

மச்சான் தூங்கினார். மழை வந்தபோது உயிரோடு இருந்தார். அடுத்த பார்வையாளர் நாளில் தங்கச்சியை அடையாளம் கண்டு, ஏன் இளைத்திருக்கிறாய் என்று கேட்டார். செண்பகவடிவு அன்று எனக்குச் சுண்டவத்தல் குழம்போடு அப்பளமும் பொரித்தாள். நாச்சிமுத்துவுக்கும் சேர்த்து.

மழை விட்டது. கடலோர நாடுகளில் ஒன்றிரண்டு விழுந்துவிட்டன என்று செய்தி வந்தது. வடகரையிலிருந்து ஒரு சிப்பாய் ஆற்றை நீந்திக் கடந்து வந்து, டாங்கிகள் பாலத்துக்கு வருகின்றன என்று எங்கள் காவலரிடம் சொன்னான். வதந்தி பரப்பியதற்காக அவனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மேலவர் தானே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை இன்னொருவன் முந்திக்கொண்டு மீறுவான் என்பதை நம்பத் தயாராக இல்லை. மீறும் தேதியை அவரும் குறித்து வைத்திருந்தார். அது அறுவடைக்குப் பிறகு வந்தது.

ஒரு நாள் காலை நாச்சிமுத்து என் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்து, இன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார். சொல்லி முடிப்பதற்குள் வடக்கே ரோடு நடுங்கியது. டாங்கிகள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசையாக.

ஆனால் அவற்றால் உடனே பாலத்தில் ஏற முடியவில்லை. எங்கள் சரக்கு ரயில் அன்றைய அரிசியையும் தூக்கத்தையும் ஏற்றிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தது. ரயில் கடக்கும்வரை கேட் கீப்பர் கேட்டைத் திறக்க மறுத்துவிட்டார். படையெடுத்து வந்தவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். தங்களுக்கு வரவேண்டிய அரிசிதானே. கடைசிப் பெட்டி போனது, கேட் திறந்தது, போர் தொடங்கியது.

முதல் டாங்கி எங்கள் அறையைத் தாண்டி இறங்கிப் பாலத்தடிக்கு வந்தது. நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே நிறுத்தத்தில் ஜனங்கள் சட்டப்படி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பீரங்கிக் குழாய் அவர்களை நோக்கித் திரும்பும் என்று நான் கண்ணை மூடினேன். திறந்தபோது டாங்கி நின்றிருந்தது. வரிசைக்கு நேராக, ரோட்டோரமாக ஒதுங்கி, சைக்கிள்காரனுக்கு வழி விட்டு. அதன் பின்னால் இருந்தவையும் ஒவ்வொன்றாக ஒதுங்கி நின்றன. மேல்மூடி திறந்து ஓர் இளைஞன் தலையை நீட்டினான். சென்னியப்பன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தன் காலை யாரோ பிடித்து அழுத்திவிட்டது போல அவன் முகத்தில் குழப்பம்.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர், ராஜவீதி போகுமா என்று கேட்டார்.

"போகுமுங்க. ஏறுங்க" என்றான் அவன். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஏறினார்கள். நானும் ஏறினேன், எனக்குச் சிறைச்சாலை நிறுத்தம்வரை போக வேண்டியிருந்தது. நாச்சிமுத்துவும் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவருக்காக டாங்கி நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வண்டி தனக்காக நின்றதைக் கண்டு அவர் ஏறவே மறந்து நின்றார். நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன்.

பின்னால் ஜீப்பில் வந்த வடகரை ஜெனரல் ஒயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டே வந்தார். சந்தைமேட்டில் எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் சுடச் சொல்லி உத்தரவு. பீரங்கிக்காரன், நிறுத்தத்தில் ஜனம் நிற்கிறது ஐயா என்று பதில் சொல்லிவிட்டு விசில் அடித்தான். எல்லோரும் ஏறியபிறகும் டாங்கி நகரவில்லை. கூட்டத்துக்கு அப்பால் ஒரு கூடை மேலும் கீழும் குதித்துக்கொண்டு வந்தது. நாச்சிமுத்து என் தோளை இறுகப் பிடித்தார்.

மாடத்தி வந்து, கூடையை மேலே எறிந்து, தானும் ஏறி, சென்னியப்பனின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இத்தன நாளா எங்கவே போயிருந்திய? வெண்டைக்கா பூராம் முத்திப் போச்சு."

வழியில் பதுங்குகுழிகளில் எங்கள் சிப்பாய்கள் இருந்தார்கள். வானொலியில், படையெடுப்பு எதுவும் இல்லை, இருப்பதாகச் சொல்பவர் தேசத்துரோகி என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. ஒரு சிப்பாய் மட்டும் டாங்கியின் மேல் தன் மாமியாரைக் கண்டு, இல்லாத படையெடுப்புக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

சிறைச்சாலை வாசலில் மொத்தப் படையும் நின்றது. அன்று பார்வையாளர் நாள். எஞ்சின்களை அணைத்துவிட்டு டாங்கிகள் கதவைப் பார்த்தபடி காத்திருந்தன. ஜெனரல் ஜீப்பைவிட்டு இறங்கி வந்து சென்னியப்பனின் சட்டையைப் பிடித்தார். உள்ளே ஆள் இருக்கிறார்கள், வந்துவிடட்டும் என்றான் அவன், மிகவும் மரியாதையாக.

ஜெயில் சூப்பரின்டெண்ட் ஜன்னல் வழியே பார்த்தார். டாங்கிகள் சுடவும் இல்லை, போகவும் இல்லை, பேசவும் இல்லை. அதைவிடப் பயங்கரமான மிரட்டலை அவர் பார்த்ததில்லை. கதவைத் திறந்துவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டார்.

முதலில் கிழவிகள் வந்தார்கள். பிறகு கைதிகள். சுடலைமுத்து மச்சான் கடைசியாக வந்தார். வெயிலில் கண் கூச, டாங்கி வரிசையைப் பார்த்தார். நான் கீழே இறங்கி அவர் கையைப் பிடித்தேன். மேலே ஏறி, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். எஞ்சின் உறுமியதும் தூங்கிவிட்டார். தலையில் தொப்பி இல்லாமல், குழாய் இல்லாமல், வாயைத் திறந்துகொண்டு.

கடைசி நிறுத்தம் பணிமனை. டாங்கிகள் ஒவ்வொன்றாகப் பின்பக்கமாகவே உள்ளே போய்க் கோட்டுக்குள் அடங்கி நின்றன. பையன்கள் இறங்கி, முகம் கழுவி, எதிரே இருந்த கடையில் டீ குடிக்கப் போனார்கள். போர் அத்தோடு முடிந்தது.

மேலவர் வெற்றி என்று அறிவித்தார். எதிரியின் டாங்கிகளையெல்லாம் பிடித்தாகிவிட்டது. மாதளபதியும் வெற்றி என்று அறிவித்தார். படை தலைநகரத்துக்குள் இருக்கிறது. இரண்டும் உண்மை என்பதால் மறுபடி ஓர் ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. இனிமேல் ஓட்டுநர்களின் தூக்கத்தை எடுப்பதில்லை. அதற்குப் பதில் தலைவர்களின் சொற்பொழிவைக் கேட்க வருபவர்களுக்கு அரங்கத்திலேயே தொப்பி மாட்டுவது. சரக்குக் குறைவில்லாமல் கிடைத்தது. பேச்சின் நீளத்தைக் கூட்டினால் போதும். நானும் நாச்சிமுத்துவும் திரும்பவும் அதே கட்டில்களில் படுத்தோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது மச்சானைப் பற்றி.

அவர் உடம்பு தேறி, வேலைக்குத் திரும்பினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவர், அடுத்து என்ன என்பது போலக் காலைப் பார்த்தார். பிரேக் எது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தோம். சந்தைமேடு எந்தப் பக்கம் என்று கேட்டார். கூட இருந்து பார்த்த நாச்சிமுத்து என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"தூக்கம் ஊறுமுங்க. கனவு ஊறாதாட்டம் இருக்குது. எனக்கு அப்பத் தெரியலீங்க."

சந்தேகத்துக்கு, செண்பகவடிவிடம் சொல்லிவிட்டு, ஒரு மத்தியானம் அவர் சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தோம். இருவரும் தூங்கி எழுந்தோம். ஒன்றுமே இல்லை. ரோடு இல்லை, விசில் இல்லை, கூடை இல்லை. வெள்ளைத் துணி விரித்தது போல ஒரு தூக்கம். நாங்கள் அன்று போட்ட முத்திரை இப்போது உண்மையாகிவிட்டது.

ஏழாம் நம்பர் பஸ்ஸை இப்போது சென்னியப்பன் ஓட்டுகிறான். வடகரைக்குத் திரும்பிப் போனால் சவுக்கடி என்று இங்கேயே தங்கிவிட்டான். மச்சான் தினமும் அதில் போய் வருவார். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் இருக்கை. காற்று வாங்கினால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சில நாள் நானும் கூடப் போவேன்.

போன வாரம் அப்படிப் போகும்போது சந்தைமேட்டில் பஸ் நின்றது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். கண்டக்டர் விசில் அடித்தார். சென்னியப்பன் எடுக்கவில்லை.

மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, எரிச்சலோடு கேட்டார்.

"என்னப்பா, ஆளெல்லாம் ஏறியாச்சுல்லா? எதுக்கு இவ்வளவு நேரம் சும்மா நிக்க?"

சென்னியப்பன் திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஒரு அம்மா வர்றாங்கய்யா" என்றான்.